மூன்றாம் நாள் இரவில் தாய்க்கு யார் துணை?

எமது பாடசாலையில் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவருக்கு அண்மையில் முதல் குழந்தை கிடைத்தது. வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றிரவு பதினொரு மணிக்கு எனக்குக் கோல் எடுத்தார். "டீச்சர், பிள்ளை அழுதுகிட்டே இரிக்கு. எனக்குப் பால் இல்லயாம் எண்டு மாமி சொல்றாங்க. அவர் பால்மா டின் வாங்கக் கடைக்குப் போயிட்டார்" என்று சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

அந்த இரவு எனக்கும் வந்ததுதான். பதினெட்டு வருடங்களுக்கு முன்னர், மூத்த மகன் பிறந்த மூன்றாம் நாள். முதலில் சுரந்த மஞ்சள் நிறப் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடுமாறு வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். ஆசிரியர் கலாசாலையில் சீம்பாலின் நன்மைகளை எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். ஆனால் அன்று வாய் திறக்கவில்லை. உடம்பில் வலி, கண்ணில் தூக்கம், மனதில் பயம். நாலாம் நாள் போத்தல் வந்தது. இரண்டு மாதத்தில் மகன் என் பாலை மறந்தான். படித்தது மட்டும் ஒரு தாய்க்குப் போதாது என்பதை அப்போது விளங்கிக்கொண்டேன்.

ஒரு நாடாக நாம் மோசமான நிலையில் இல்லை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் சுமார் 90 வீதம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளில் தாய்ப்பால் மாத்திரம் பெற்றவர்கள் சுமார் 82 வீதம். பல செல்வந்த நாடுகளே எட்டாத இலக்கு இது. எமது பிரசவ விடுதிகளில் பணியாற்றும் தாதியரும் மருத்துவ மாதர்களும் உழைத்துப் பெற்ற வெற்றி. அவ்வாறெனில் சறுக்கல் எங்கே? என் அனுபவத்தில், முதல் மணித்தியாலத்தில் அல்ல. வீட்டுக்கு வந்த பிறகுதான்.

முதல் நாளில் குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டியளவு சீம்பாலே அதற்குப் போதும். நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்த அந்தப் பால், குழந்தையின் கரும் மலம் வெளியேறவும் உதவுகிறது. பால் அதிகமாகச் சுரப்பது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான். சிசேரியன் செய்த தாய்க்குச் சற்றுத் தாமதமாகலாம். முதல் சில நாட்களில் குழந்தையின் நிறை கொஞ்சம் குறைவதும் வழமையே. இது தெரியாத வீட்டில் குழந்தை அழுதால், "பால் இல்லை" என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. போத்தலில் வயிறு நிறைந்த குழந்தை தாயிடம் குறைவாகவே குடிக்கும். குழந்தை உறிஞ்சும் அளவுக்கே பால் சுரக்கும் என்பதால், சுரப்பும் குறைகிறது. இல்லாத குறையை இப்படித்தான் நாமே உண்டாக்கிவிடுகிறோம்.

அத்தோடு தேனும் சீனித் தண்ணீரும் வந்துவிடுகின்றன. தஹ்னீக் எனும் சுன்னத்தை மதிப்பவள் நான். ஆனால் அதன் பெயரால் தேனைக் கரண்டியில் ஊட்டுவது வேறு விடயம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவ உலகின் தெளிவான எச்சரிக்கை. உலமாக்களும் வைத்தியர்களும் ஒரே மேடையில் அமர்ந்து இதை மக்களுக்கு விளக்கினால் பெரும் நன்மை கிடைக்கும்.

அடுத்த விடயம் லீவு. அரச சேவையில் உள்ள தாய்க்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. தந்தைக்கு மூன்று நாட்கள். தனியார் துறைத் தந்தைக்குச் சட்டப்படி அதுவும் இல்லை. கத்தாரிலும் சவூதியிலும் உழைக்கும் எம் சகோதரர்கள் குழந்தையின் முகத்தை வட்ஸ்அப்பில்தான் பார்க்கிறார்கள். வைத்தியசாலைக்கு அலைவதிலேயே அந்த மூன்று நாட்களும் முடிந்துவிடுகின்றன. தாய் தடுமாறும் நேரத்தில் கணவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார். தாய்ப்பாலைப் பற்றி ஒவ்வோர் ஓகஸ்டிலும் வாரம் கொண்டாடும் அரசு, தந்தையின் விடுமுறையை நீட்டுவது பற்றியும் பேச வேண்டும்.

சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் பத்து நாட்களுக்குள் குறைந்தது இரண்டு தடவைகள் உங்கள் பகுதி மருத்துவ மாது வீடு தேடி வருவது அவரது கடமை. ஆளணிப் பற்றாக்குறையால் தாமதமானால், நீங்களே அவரை அழையுங்கள். பிரசவத்துக்கு முன்னரே அவரது இலக்கத்தைக் கணவரின் தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளை பார்க்க வரும் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். சமையலையும் துணி துவைப்பதையும் மற்றவர்கள் பொறுப்பேற்கட்டும். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, பால் குடிக்க எழும்பாவிட்டாலோ, சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, உடம்பு மஞ்சளானாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வைத்தியர் சொல்லிப் பால்மா கொடுக்க நேர்ந்த தாயைக் குற்றவாளியாக்காதீர்கள்.

குழந்தைக்கு இரண்டு வருடம் பாலூட்டுவது பற்றிச் சொல்லும் சூரா பகராவின் 233 ஆம் வசனத்தை நாம் பெண்களுக்கு அடிக்கடி நினைவூட்டுகிறோம். அதே வசனம், அந்தத் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்றும் சொல்கிறது. அந்தப் பாதியையும் ஜும்ஆ மேடைகளில் கேட்க ஆசைப்படுகிறேன்.

அந்த இளம் ஆசிரியையின் வீட்டுக்கு மறுநாள் காலை மருத்துவ மாது வந்தார். டின் ஏற்கனவே திறக்கப்பட்டிருந்தது. அவர் யாரையும் ஏசவில்லை. குழந்தையைப் பிடிக்கும் முறையை மாற்றிக் காட்டினார். மாமியையும் பக்கத்தில் அமர்த்தி விளங்கப்படுத்தினார். இரண்டு வாரத்தில் டின்னின் தேவை இல்லாமல் போனது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது யார் கேட்டாலும், "என்ட மருமகளுக்கு நல்லாப் பால் இரிக்கு" என்கிறாராம் அந்த மாமி.