கணினிக்குள் எத்தனை கடிகாரம்?

திரையின் மூலையில் மணி காட்டுகிறதே, அது ஒரே கடிகாரத்திலிருந்து வருகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. சாதாரண பி.சி.க்குள்ளேயே துடிப்புகளை எண்ணும் கருவிகள் மூன்று நான்கு உண்டு. அவற்றில் ஒன்று விநாடிக்கு 35,79,545 தடவை எண்ணும். 24 பிட் கொண்டதாக இருந்தால் ஐந்து விநாடிக்குள் நிரம்பி, மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். பிராசசருக்குள் இருக்கும் டி.எஸ்.சி. மகா வேகம். ஆனால் பழைய பிராசசர்களில், மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்தால் அதுவும் கூடவே மெதுவாகிவிடும். செல்போனில் உள்ளது வேறு ஜாதி.

லினக்ஸ் கெர்னலில் ஆரம்பத்தில் ஒவ்வொரு வகை பிராசசருக்கும் நேரக் கணக்கைத் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்கள். ஒன்றில் பிழையைத் திருத்தினால் மற்றதில் அது அப்படியே கிடக்கும். ஆபீஸில் குப்பை கொட்டியவர்களுக்கு இது புரியும். அகவிலைப்படி ஆணை ஒன்றுதான் வரும். நிலுவையை ஒவ்வொரு செக்‌ஷனும் ஒவ்வொரு விதமாகப் போடும்.

ஜான் ஸ்டல்ட்ஸ் என்பவர் எழுதிய பொது முறை 2006-ல், 2.6.18 பதிப்பில் சேர்ந்தது. கணக்குப் போடுவது இனி ஒரே இடத்தில். இயந்திரம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: என் எண்ணிக்கை இப்போது இவ்வளவு, இத்தனை பிட்டில் நிரம்பிச் சுற்றி வருவேன், நானோ விநாடியாக்க இந்த எண்ணால் பெருக்கிக்கொள். சென்ற தடவைக்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, மாற்றி, பழைய நேரத்தோடு கூட்டுவது பொதுப் பகுதியின் வேலை. டி.எஸ்.சி. பொய் சொல்கிறதா என்று இன்னொன்றோடு ஒப்பிட்டு, சொன்னால் ஒதுக்கியும் வைக்கும். மற்ற பிராசசர் வகைகளும் ஒவ்வொன்றாக இதற்குள் வந்தன.

பழைய 32 பிட் இயந்திரங்களுக்காக இவ்வளவு பாடுபட வேண்டுமா, குப்பையில் போடலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணி வரும் 32 பிட் கணக்கு, 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு நிரம்புகிறது. அடுத்த விநாடி அந்த இயந்திரத்துக்கு 1901 டிசம்பர். (புதுச்சேரியில் அப்போது பிரெஞ்சு கவர்னர். பள்ளியில் நான் படித்த பிரெஞ்சுக்கு அன்று வேலை வரும் போலிருக்கிறது!) கணக்கு பொது இடத்தில் இருந்ததால் கெர்னலைத் திருத்துவது கைக்கு அடங்கிய வேலையாயிற்று, அப்படியும் பல வருடம் பிடித்தது. 2020-ல் வந்த 5.6 பதிப்பில் 32 பிட் இயந்திரங்களும் 2038-ஐத் தாண்டத் தயாராகின.

ஆனால் கெர்னல் மட்டும் போதாது. அதன்மேல் ஓடும் புரோகிராம்களையும் மாற்றிக் கட்ட வேண்டும். விற்றுவிட்டுப் போன கம்பெனி அதைச் செய்யுமா? இன்று வாங்கும் லிஃப்டும் மின் மீட்டரும் பதினைந்து வருடம் உழைக்க வேண்டியவை. ஆகவே அரசு அலுவலகங்கள் டெண்டர் நிபந்தனையில் இப்போதே இரண்டு வரி சேர்க்க வேண்டும்: அந்தத் தேதிக்குப் பிறகும் சரியாக இயங்க வேண்டும், பயன்பாட்டுக் காலம் முழுக்க கெர்னல் திருத்தங்களை விற்றவரே தர வேண்டும். பில் பாஸ் செய்வதற்கு முன் இயந்திரத்தில் தேதியை 2038 ஜனவரி 20 என்று வைத்து ஒரு நாள் ஓட்டிப் பார்க்கட்டும்.