கட்டடம் கேட்டால் ரசீதுப் புத்தகத்தை நீட்டுகிறார்கள்

இலங்கையில் கல்வி இலவசம். 1945 ஒக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து இலவசம். வரலாற்றுப் பாடத்தில் கன்னங்கராவைப் பற்றிக் கேட்டால் அப்படித்தான் எழுதினோம், புள்ளியும் போட்டார்கள். ஆனா அந்த வரலாற்றுப் புத்தகம் இலவசமாகக் கைக்கு வந்த அதே தவணையில் "கட்டட நிதி" என்று ஒரு துண்டும் வீட்டுக்கு வந்தது. அது எந்த வினாத்தாளிலும் வரல.

நன்கொடைதானாம். கட்டாயம் இல்லையாம். அமைச்சின் சுற்றறிக்கைகளும் பெற்றோரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதான் சொல்லுது. பிறகு எதுக்குக் கொடுத்தவர்களுக்கு ஒரு கொப்பி, கொடுக்காதவர்களுக்கு ஒரு கொப்பி? நான் படித்த பள்ளிக்கூடங்களில் ஒன்றில் அந்த இரண்டாவது கொப்பியைக் காலைக் கூட்டம் முடிந்ததும் வகுப்பில் வாசிப்பார்கள். பேர் வாசித்த பிள்ளை எழுந்து நிற்கணும். அடி கிடையாது, ஏச்சு கிடையாது. நின்றால் போதும். அடுத்த கிழமை அம்மா எங்கேயாவது கைமாற்று வாங்கிக் காசைக் கொண்டுவந்துவிடுவார்.

தொகையைச் சொன்னால் கொழும்பு நண்பர்கள் சிரிப்பாங்க. இதுக்கா இவ்வளவு சத்தம் என்பாங்க. தோட்டத்தில் கணக்கு வேற. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான். 1,350 ஆனது 2024இல். அதுவும் முழுப் பேர் விழுந்தால். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். ஆயிரம் ரூபாய்ச் சம்பளக் காலத்தில் மூவாயிரம் கேட்டால் அது மூன்று நாள் மழையிலும் அட்டையிலும் மலையேறி இறங்குவது. இரண்டு பிள்ளை படித்தால் ஆறு நாள்.

அதிபர்மார் மீது எனக்குக் கோபம் இல்ல. கூரைத் தகரம் பறந்த வகுப்பறையை வைத்துக்கொண்டு வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, பதிலே வராமல், கடைசியில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கையேந்துகிற மனிதரிடம் என்ன கோபப்பட? என் கேள்வி வேற. ஒரு பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை வேணும் என்றால் அதை யாரிடம் கேட்க வேண்டும்? யார் கொடுக்க வேண்டும்?

முதலில் எந்த வகுப்பறை என்று பார்ப்போம். நாட்டில் அரச பாடசாலைகள் பத்தாயிரத்துக்கு மேல். அதில் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவும் உள்ள 1ஏபி வகை பத்தில் ஒன்று அளவுதான். அடுத்தது 1சி: உயர்தரம் உண்டு, ஆனால் கலை, வர்த்தகம் என்று நிற்கும். வகை 2 தரம் 11 உடன் முடியும். வகை 3 ஆரம்பப் பள்ளிக்கூடம், கூடிப்போனால் தரம் 8. தோட்டத்துக்குள் இருப்பவை பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு வகைதான். அதனால் எங்க பக்கம் பிள்ளை வளர வளரப் பள்ளிக்கூடம் தூரமாகிக்கொண்டே போகும். தரம் 1க்கு லயத்துக்குப் பக்கத்தில், தரம் 6க்கு அடுத்த டிவிஷனில், ஏ.எல்லுக்கு டவுனில்.

டவுன் பள்ளிக்கூடத்தில் சுற்றியிருக்கிற தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து குவிவார்கள். அங்கே மண்டபத்தை அலுமாரியால் மறித்து இரண்டு வகுப்பு நடக்கும். இந்தப் பக்கம் தமிழ் இலக்கியம், அந்தப் பக்கம் கணக்கீடு, நடுவில் அலுமாரிக்கு மேலால் பறக்கிற காகித ரொக்கெட். நூலகம் ஒரு வருசத்துக்கு மட்டும் வகுப்பறையாகும், பிறகு திரும்ப நூலகம் ஆகாது. "விஞ்ஞானப் பிரிவு தொடங்க ஆய்வுகூடம் இல்லையே, என்ன செய்ய?" என்பார்கள். ஆய்வுகூடம் கேட்டால் "விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலைக்கு எப்படி ஆய்வுகூடம் தர்றது?" என்பார்கள். இந்த வட்டத்துக்குள் எத்தனை வருசம் ஓடின என்று எண்ணிப் பாருங்க.

நான் கலைப்பீடத்தில் படிக்கிறேன். விரும்பித்தான் படிக்கிறேன், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் எங்கள் வகுப்பில் ஓ.எல்லில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்த நாலு பேரில் ஒருத்திக்குத்தான் உயிரியல் படிக்கக் கிடைத்தது. அவள் மற்ற மூன்று பேரையும்விடக் கெட்டிக்காரி என்பதால் அல்ல, அவளுக்குக் கண்டியில் மாமா வீடு இருந்தது. பிறகு "ஏன் இவ்வளவு கலைப் பட்டதாரிகள்?" என்று அரசியல்வாதிகள் மேடையில் கவலைப்படுவார்கள். கட்டடம் கட்டாமல் விட்டவர்கள் கேட்கிற கேள்வியா இது?

இன்னொரு வேடிக்கை. நுவரெலியா மாவட்டம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கு. அதனால் மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ இங்கிருந்து போகிறவர்களுக்கு வெட்டுப்புள்ளி குறையும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சலுகையைப் பயன்படுத்த முதலில் உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். ஒரு பக்கம் கதவைத் திறந்துவைத்துவிட்டு மறுபக்கம் படிக்கட்டே கட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

இந்த நிலைமை தற்செயலாக வந்ததல்ல. கன்னங்கரா காலத்தில் மத்திய மகா வித்தியாலயங்களைத் தொகுதிக்கு ஒன்றாவது என்ற எண்ணத்தோடு ஐம்பதுக்கு மேல் தொடங்கினார்கள். கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துக் கல்லூரியின் தரத்தில் இடைநிலைக் கல்வி கிடைக்கட்டும் என்பதுதான் நோக்கம். "தொகுதி" என்ற சொல்லைக் கவனியுங்க. பள்ளிக்கூடக் கட்டடம் வாக்காளர் இருக்கிற இடத்துக்குப் போகும். எங்கள் ஆட்களுக்கு என்ன நடந்தது? 1947 பாராளுமன்றத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர்கள் மலையகத்திலிருந்து போய் உட்கார்ந்தார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருசம் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அவர்களில் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. நாடு முழுக்க மகா வித்தியாலயங்கள் எழுந்த அந்தக் காலம் முழுக்க எங்கள் பிள்ளைகள் தோட்ட நிர்வாகத்தின் ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை உட்கார்ந்திருந்தார்கள். 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் தெரிவானார். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்றதும் 1970களின் பிற்பகுதியில்தான். வாக்கும் வகுப்பறையும் சேர்ந்தே போயின, சேர்ந்தே திரும்பின. பாதிதான் திரும்பின.

திரும்பிய பிறகும் கட்டியது யார்? 1980களிலிருந்து சுவீடனின் சீடா. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மன் உதவியில். பிறகு இந்திய நன்கொடை. அவர்களுக்கு நன்றி. ஆனால் ஒரு நாட்டின் பிரஜையுடைய பிள்ளைக்கு வகுப்பறை கட்ட ஸ்டொக்ஹோமிலோ டெல்லியிலோ யாரோ மனமிரங்க வேண்டும் என்றால் அதுக்குப் பேர் உரிமை இல்ல. அரசே கட்டும்போதும் தன் வீட்டுக் காசில் கட்டிக்கொடுத்த மாதிரித்தான். ஆயிரம் இடைநிலைப் பாடசாலைத் திட்டத்தில் கட்டிய ஆய்வுகூடங்களுக்கு "மஹிந்தோதய" என்று ஜனாதிபதியின் பேரையே வைத்தார்கள். கல்வெட்டில் வரி கட்டினவன் பேர் எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?

யாழ்ப்பாணத்து நண்பர்கள் ஒரு யோசனை சொல்லுவாங்க: பழைய மாணவர் சங்கத்தைப் பிடியுங்க. அவர்களுக்கு அது வேலை செய்யுது. லண்டனிலும் டொரொண்டோவிலும் கிளை இருக்கு, இரவு விருந்து வைத்தால் மாடிக் கட்டடம் எழும்பும். நல்லது, பொறாமை இல்ல. (அங்கேயும் பெரிய கல்லூரிக்குத்தான் மாடி எழும்புது, வன்னியில் ஒரு சின்னப் பாடசாலைக்கு எந்த டொரொண்டோக் கிளையும் இல்ல என்பதையும் சொல்லத்தான் வேணும்.) எங்கள் பழைய மாணவர்கள் டொரொண்டோவில் இல்ல. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிக்கிறாங்க. மாசம் முடிய வீட்டுக்கு அனுப்புற காசிலிருந்துதான் தம்பி தங்கச்சியின் கட்டட நிதி போகுது.

வெளிநாட்டு முறை ஒன்றைப் பற்றி அண்மையில் கொஞ்சம் வாசித்தேன். அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களை நடத்துவது தெரிவான சபை உள்ள கல்வி மாவட்டங்கள். பிள்ளைகள் கூடி, இடைநிலைப் பள்ளியில் இடம் போதவில்லை என்றால், பெரும்பாலும் அந்தச் சபை ஊர் மக்களிடம் வாக்குக் கேட்கும்: இவ்வளவு கடன் எடுக்கப்போகிறோம், இன்ன கட்டடம் கட்டப்போகிறோம், உங்கள் சொத்து வரியில் இவ்வளவு கூடும், சம்மதமா? சம்மதம் என்றால் பிள்ளை இல்லாதவர், கடைக்காரர், காணிக்காரர் எல்லாரும் வருசக்கணக்காகக் கட்டுவார்கள். கலிபோர்னியாவில் இதுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் அதை 55 சதவீதமாகக் குறைக்க வழிசெய்தார்கள். பதிலுக்கு என்னென்ன கட்டுவது என்ற பட்டியலை முன்கூட்டியே காட்டவேண்டும், வருசாவருசம் கணக்காய்வு, மேற்பார்க்க ஊராட்களின் குழு என்று நிபந்தனை போட்டார்கள். எங்கள் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் போன வருசக் கணக்கைக் கேட்ட ஒரு அப்பாவை "ஏன் பிரச்சினை பண்றீங்க?" என்று உட்காரவைத்ததை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

அதுக்காக அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்ல வரல. டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்தில் எட்ஜ்வுட் என்று ஏழை மெக்சிக்க வம்சாவளி மக்களின் கல்வி மாவட்டம். 1968 மே மாதம் அதன் உயர்பள்ளி மாணவர்கள் பாழடைந்த கட்டடத்தையும் தகுதியில்லாத ஆசிரியர்களையும் எதிர்த்து வகுப்பை விட்டு வெளியேறினார்கள். எட்ஜ்வுட் மக்கள் நூறு டொலர் சொத்துக்கு 1.05 டொலர் வரி கட்டினார்கள், ஒரு பிள்ளைக்கு 26 டொலர் சேர்ந்தது. அதே நகரத்தின் பணக்கார அலமோ ஹைட்ஸில் 85 சதம்தான் கட்டினார்கள், பிள்ளைக்கு 333 டொலர் சேர்ந்தது. டெமெட்ரியோ ரொட்ரிகஸ் என்ற தகப்பனும் மற்றப் பெற்றோரும் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1973இல் ஐந்துக்கு நான்கு என்று தோற்றது.

ஆகவே காசை ஊரிலேயே சேர்த்தால் ஏழை ஊர் ஏழையாகவே கிடக்கும். வாக்கெடுப்பு வைத்தாலும் அப்படித்தான், ரசீதுப் புத்தகம் நீட்டினாலும் அப்படித்தான். தோட்டத்தில் சொத்து வரி கட்ட யாரிடம் சொத்து இருக்கு? லயத்துக் காம்பிரா எங்கள் பேரில் இல்ல, காணி கம்பனியின் குத்தகையில். பிரதேச சபை தோட்டத்துக்குள் காசு செலவழிக்கவே 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்து, 2018இல்தான் திருத்தினார்கள். காசு முழு நாட்டிலிருந்தும் வரவேண்டும், தேவை கூடின இடத்துக்கு முதலில் போகவேண்டும். ஆனால் எட்ஜ்வுட் மக்களிடம் இருந்த ஒன்று எங்களிடம் இல்ல: அவர்களிடம் ஒரு வாக்குச்சீட்டில் யாரோ கேட்டார்கள்.

எங்களிடம் யார் கேட்பது? தேசிய பாடசாலைகள் தவிர்ந்த எல்லாப் பாடசாலையும் மாகாண சபைக்குக் கீழே. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டெம்பரில். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது, அதோடு ஆளுநர் ஆட்சி. ஊவாவில் 2014இல் தெரிவான சபை 2019இல் முடிந்தது. நான் இதுவரை மாகாண சபைக்கு ஒரு வாக்குக்கூடப் போட்டதில்ல, என் வயசில் யாருமே போட்டதில்ல. என் தங்கச்சியின் வகுப்பறையைத் தீர்மானிக்கிற சபைக்கு ஆட்களே இல்லாதபோது, அதிபர் பாவம் அம்மாவிடம்தானே வருவார்.

"அரசிடம் காசில்ல, 2022இல் நாடே வங்குரோத்து" என்பார்கள். 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கேட்டுக் கிட்டத்தட்ட நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது நாடு வங்குரோத்து இல்ல. அப்பவும் செலவு 2 சதவீதத்தைச் சுற்றித்தான் நின்றது. காசு இருந்தபோதும் தரல. அதைவிட, எங்கள் ஆட்கள் வரி கட்டாதவர்களா? 2024இலிருந்து வற் 18 சதவீதம். சவர்க்காரத்துக்கும் போன் ரீலோடுக்கும் அம்மா கட்டுறது வரி இல்லாமல் வேற என்ன? கட்டட நிதி என்பது அதே வகுப்பறைக்கு இரண்டாவது தடவை வாங்குற வரி.

ஒரு எதிர்வாதத்தை மட்டும் நான் லேசாகத் தள்ளமாட்டேன். "நீ உரிமை பேசிக்கொண்டிரு, என் பிள்ளை அடுத்த வருசம் தரம் 10. பெற்றோர் சேர்ந்து தகரம் போட்டால்தான் அவள் நனையாமல் உட்காருவாள்" என்று ஒரு அம்மா கேட்டால் என்ன சொல்ல? தகரம் போடுங்க அம்மா என்றுதான் சொல்லுவேன். ஆனால் போட்ட தகரத்துக்கு எவ்வளவு, யார் கொடுத்தது என்று எழுதி, பெற்றோர் எல்லாரும் கையெழுத்து வைத்து, இது அரசு செய்யவேண்டிய வேலை என்று வலயத்துக்கும் மாகாணத்துக்கும் அனுப்புங்க. இல்லாவிட்டால் அடுத்த வருச அறிக்கையில் "பாடசாலைச் சமூகத்தின் சிறந்த பங்களிப்பு" என்று வரும், அந்தப் பாடசாலை புதிய கட்டடப் பட்டியலிலிருந்தும் போகும்.

அந்தப் பட்டியலை நாங்கள் யாரும் பார்த்ததில்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானம் சொல்லவேண்டும். நானும் பீடத்தில் இன்னும் இரண்டு பேரும் எங்கள் வலயத்துக்கு எழுதுகிறோம்: கடந்த ஐந்து வருசத்தில் எந்தெந்தப் பாடசாலைக்குக் கட்டடம் கிடைத்தது, எந்த அடிப்படையில் தெரிந்தீர்கள், ஒவ்வொன்றிலும் பெற்றோரிடம் வாங்கிய காசு எவ்வளவு. பண்டாரவளை, ஹட்டன், இரத்தினபுரி, வவுனியா என்று எங்கே இருந்தாலும் உங்கள் வலயத்துக்கு இதே மூன்று கேள்வியை அனுப்புங்க. கடிதம் தமிழிலேயே போகலாம்.