தன் பெயரையே மறக்கும் கம்ப்யூட்டர்கள்... பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் என்ன இருக்கிறது?

பழைய இயந்திரத்தின் அருமை அரக்கோணத்துக்குத் தெரியும். ஐ.என்.எஸ் ராஜாளி கடற்படை விமான தளத்திலிருந்து பல ஆண்டுகள் பறந்த டி.யு-142 ரக விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. அவற்றில் ஒன்று இன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. ரயிலில் சென்னைக்குப் போகும் வழியில் வரும் பெரம்பூரில், 1855ல் தயாரான இ.ஐ.ஆர்-21 நீராவி எஞ்சினை 2010ல் ரயில்வே ஊழியர்கள் புதுப்பித்து மீண்டும் ஓட வைத்தார்கள்.

விமானத்துக்கும் ரயிலுக்கும் கிடைக்கும் இந்த மரியாதை கம்ப்யூட்டருக்குக் கிடைக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் பழைய கம்ப்யூட்டர் முதலில் பரணுக்குப் போகும். அடுத்த போகிக்குக் காயலான் கடைக்குப் போகும். அவ்வளவுதான். ஆனால், 30 வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்து வாங்கி, பிரித்து, துடைத்து, மீண்டும் ஓட வைப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் அதிகம் தேடுவது யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன்களையும், முதல் தலைமுறைக் கையடக்கக் கம்ப்யூட்டர்களையும்தான்.

அது என்ன யூனிக்ஸ்?

விண்டோஸ் போல யூனிக்ஸும் ஒரு இயங்குதளம். 1969ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி உள்ளிட்டோர் உருவாக்கியது. ஒரே கம்ப்யூட்டரில் பல பேர், பல வேலைகளை ஒரே சமயத்தில் செய்ய முடியும் என்பது அதன் பலம். அதை மேஜை மேல் வைக்கும் அளவிலான சக்திவாய்ந்த கம்ப்யூட்டரில் ஓட வைத்தபோது, அதற்கு வொர்க்ஸ்டேஷன் என்று பெயர் வந்தது.

இந்தக் கதையில் ஓர் இந்தியரும் உண்டு. டெல்லி ஐ.ஐ.டி-யில் படித்த வினோத் கோஸ்லா, 1982ல் மூன்று பேருடன் சேர்ந்து சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1989ல் அந்த நிறுவனம் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன்-1, தட்டையான பெட்டி வடிவத்தால் 'பீட்சா பாக்ஸ்' என்று செல்லப் பெயர் பெற்றது.

இன்று நாம் இன்டர்நெட்டில் பார்க்கும் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் தாய்வீடான முதல் வெப் சர்வரும் ஒரு யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன்தான். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் அது. யாராவது தெரியாமல் அணைத்துவிடக் கூடாதே என்று, 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்ற அர்த்தத்தில் அவர் கையால் எழுதி ஒட்டிய லேபிள் இன்னமும் அதில் இருக்கிறது.

'ஜுராசிக் பார்க்' படத்தின் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் டைனோசர்களை உருவாக்கியவை சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் வொர்க்ஸ்டேஷன்கள். அந்தப் படத்திலேயே ஒரு சிறுமி யூனிக்ஸ் கம்ப்யூட்டரை இயக்கித்தான் கதவைப் பூட்டுவாள்.

நம் ஊருக்கும் யூனிக்ஸ் புதிதல்ல. 1984ல் ரங்கராஜன் கமிட்டி பரிந்துரைத்த பிறகு வங்கிக் கிளைகளில் கம்ப்யூட்டர் நுழைந்தபோது, பல கிளைகளில் ஓடியது யூனிக்ஸ்தான். இப்போது கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடும் லினக்ஸ், யூனிக்ஸைப் பார்த்து எழுதப்பட்டது. ஐபோனின் இயங்குதளமோ நேராக நெக்ஸ்ட் வழி வந்தது.

முதலில் சாவது எது?

இரும்பும் பிளாஸ்டிக்கும் லேசில் அழியாது. பழைய கம்ப்யூட்டரில் முதலில் போவது அதன் ஞாபகம்தான்.

சன் வொர்க்ஸ்டேஷன்களையே எடுத்துக்கொள்வோம். அவற்றுக்குள் ஒரு சிறிய கடிகாரச் சிப் இருக்கும். நேரம், செட்டிங்ஸ், இந்த மெஷின் யார் என்று நெட்வொர்க்குக்குச் சொல்லும் அடையாள எண் எல்லாம் அதில்தான் பதிவாகியிருக்கும். சிப்புக்குள்ளேயே ஒரு பேட்டரியை வைத்துப் பிசினால் மூடிவிட்டார்கள். அதன் ஆயுள் சுமார் 10 வருடம். பேட்டரி தீர்ந்ததும் மெஷின் தன் பெயரையே மறந்துவிடும். ஆன் செய்தால் விழிக்கும். ஆனால் எங்கிருந்து வேலையைத் தொடங்குவது என்று அதற்குத் தெரியாது.

இதற்குச் சேகரிப்பாளர்கள் செய்யும் வைத்தியம் சுவாரஸ்யமானது. சிப்பின் மேல்மூடியை அரத்தால் மெல்ல ராவி, உள்ளே தெரியும் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கிறார்கள். அதில் இரண்டு ஒயரை சால்டர் செய்து, கடைகளில் கிடைக்கும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியைப் பொருத்துகிறார்கள். பிறகு கீபோர்டில் அடையாள எண்ணைப் புதிதாக டைப் செய்ய வேண்டும். பழைய சன் மெஷின்கள் பெரும்பாலானவற்றுக்கு அந்த எண் 08:00:20 என்றுதான் தொடங்கும். அதை அடித்து முடித்ததும் மெஷினுக்குத் தான் யார் என்று தெரிந்துவிடும்.

அடுத்த பிரச்னை மதர்போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்கள். அவற்றுக்குள் இருக்கும் திரவம் கசிந்து, பக்கத்தில் இருக்கும் செம்புக் கோடுகளை அரித்துவிடும். அதனால், வருடக்கணக்கில் சும்மா இருந்த மெஷினைக் கொண்டுவந்தவுடன் யாரும் சுவிட்சைப் போட்டுவிடுவதில்லை. பிரித்துப் பார்த்து, கசிவைச் சுத்தம் செய்து, தேவையானதை மாற்றிய பிறகே கரன்ட் கொடுப்பார்கள். ஹார்டு டிஸ்க் செத்திருந்தால், அந்த இடத்தில் மெமரி கார்டைப் பொருத்தி, பழைய டிஸ்க் போலவே நடிக்க வைக்கும் சிறிய போர்டுகளும் வந்துவிட்டன.

கையடக்கக் கம்ப்யூட்டர்கள் என்றால் வேலை இன்னும் கடினம். 1981ல் வந்த ஆஸ்பார்ன்-1, தையல் மெஷின் பெட்டி அளவில், கிட்டத்தட்ட 11 கிலோ எடை இருந்தது. 1990களில் பிரிட்டனின் டாட்போல் நிறுவனம் சன் வொர்க்ஸ்டேஷனையே லேப்டாப் அளவுக்குச் சுருக்கி 'ஸ்பார்க்புக்' என்று விற்றது. இவற்றின் கீல், ஸ்கிரீன், பேட்டரி எதுவும் இன்னொரு மாடலுக்குப் பொருந்தாது. ஒன்றைப் பிழைக்க வைக்க, இன்னொன்றைப் பிரித்துப் பாகம் எடுக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன்?

2025ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தபோது ஒரு காந்த நாடா கிடைத்தது. 1973ல் வெளியான யூனிக்ஸ் நான்காம் பதிப்பு அது. சி மொழியில் திருத்தி எழுதப்பட்ட கெர்னலுடன் வந்த இந்தப் பதிப்பு முழுமையாக எங்குமே இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். கலிஃபோர்னியாவின் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் அதைப் படித்தும்விட்டார்கள். யாராவது ஒருவர் 'பழைய குப்பை' என்று வீசியிருந்தால்?

தமிழிலும் இதே ஆபத்து இருக்கிறது. யூனிகோட் பரவலாகும் முன் மயிலை, டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழை டைப் செய்தார்கள். 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன் மின்னூல்களை மயிலையிலிருந்து டிஸ்கிக்கும், பிறகு யூனிகோடுக்கும் மாற்றிக் காப்பாற்றிக்கொண்டது. ஆனால், ஊர் ஊராக டி.டி.பி சென்டர்களில் அடிக்கப்பட்ட கல்யாணப் பத்திரிகைகள், கோயில் மலர்கள், சங்கத்து ஆண்டறிக்கைகள்? அந்த ஃபைல் கிடைத்தாலும், அதற்குரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். அதைத் தமிழாகக் காட்டக்கூடிய கம்ப்யூட்டர், பல நேரங்களில் அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான்.

நம் வீட்டு 'விண்டேஜ்'

அரக்கோணத்தில் ஸ்பார்க்ஸ்டேஷனைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஆனால், வருங்காலத்தில் தேடப்படப்போகும் ஒரு கம்ப்யூட்டர் இங்கே பல பரண்களில் இருக்கிறது. அரசின் விலையில்லா லேப்டாப்!

2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த இந்த லேப்டாப்கள் லட்சக்கணக்கான மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. முதலில் வந்த பலவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது சென்னையில் இயங்கும் சி-டாக். அதாவது, யூனிக்ஸின் பேரன் இலவசமாக நம் வீட்டுக்கே வந்தது!

பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். ரெயில்வே ஊழியர் வீட்டிலும், தோல் தொழிற்சாலைக்குப் போகிறவர் வீட்டிலும் முதல் பட்டதாரி புராஜெக்ட் செய்தது அதில்தான். அக்கா கல்யாண போட்டோவும், இப்போது இல்லாத தாத்தாவின் வீடியோவும் அந்த ஹார்டு டிஸ்க்கில் மட்டுமே இருக்கலாம். சும்மா இருந்தாலும் ஹார்டு டிஸ்க்குக்கு வயதாகிக்கொண்டுதான் இருக்கும்.

பரணிலிருந்து இறக்கினால் என்ன செய்யலாம்?

1. உடனே சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பியிருந்தால் அழுத்தவோ, குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதை எடுத்துவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஆன் செய்து பார்க்கலாம்.

2. முதலில் ஃபைல்கள், பிறகுதான் ரிப்பேர். லேப்டாப் ஆன் ஆகவில்லையா? ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி, யு.எஸ்.பி கன்வெர்ட்டர் கேபிள் மூலம் வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, எல்லாவற்றையும் காப்பி செய்துவிடுங்கள். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். திரும்பத் திரும்ப முயன்றால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

3. தேதி தப்பாகக் காட்டுகிறதா? மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். சன் வொர்க்ஸ்டேஷனுக்கு வந்த அதே மறதி நோய்தான். நல்லவேளையாக, இதற்கு அரம் தேவையில்லை. பேட்டரியை மாற்றினால் போதும்.

4. தூசியும் சூடும். ஃபேனைச் சுத்தம் செய்து, பிராசஸர் மேல் காய்ந்திருக்கும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள்.

5. புது வேலை கொடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி போட்டு, முடிந்தால் ரேமையும் கூட்டி, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவினால் டைப்பிங், பாடல், பாட வீடியோ போன்றவற்றுக்குத் தாராளமாகப் போதும். கழற்றிய டிஸ்க்கைப் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

6. தூக்கிப்போடத்தான் வேண்டும் என்றால்... டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். செம்புக்காக ஒயரை எரிக்கும் இடங்களுக்குப் போனால், அந்தப் புகையைச் சுவாசிப்பதும் யாரோ ஒரு குடும்பம்தான்.

எல்லா லேப்டாப்பையும் காப்பாற்ற முடியாது, தேவையும் இல்லை. ஆனால், ஒவ்வோர் அரசுப் பள்ளியும் தன் மாணவர்கள் வாங்கிய முதல் பேட்ச் லேப்டாப்பில் ஒன்றையாவது ஓடும் நிலையில் வைத்திருக்கலாம். இன்னும் 30 வருடம் கழித்து அதைத் தேடி யாராவது வருவார்கள். அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை பரணைப் பாருங்கள். தாத்தாவின் வீடியோ அங்கே இருந்தால், அதற்குப் போகி வரை காத்திருக்க நேரமில்லை.