கூரைக்குக் கீழே ஒரு கூரை

வாடகை வீட்டில் குடியிருக்கும் வாசகி ஒருவர் நமக்கு மடல் எழுதியுள்ளார். ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்த இரண்டே அறைகள் கொண்ட வீடு. பகல் பதினொரு மணிக்கு மேல் உள்ளே இருக்க முடிவதில்லை. முதுமை எய்திய மாமியாரை நாள்தோறும் தெருமுனை வேப்பமரத்தடியில் கட்டிலிட்டு அமர்த்திவிட்டு, வெயில் தாழ்ந்தபின் அழைத்து வருகிறாராம். ‘கடைகளில் அமைப்பது போன்ற உட்கூரையை எங்கள் வீட்டிலும் அமைக்க இயலுமா? ஆள் வைத்துச் செய்ய எங்களுக்கு வசதி இல்லை. நாளை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் அதையும் அவருக்கே விட்டுவிட்டுப் போக வேண்டுமா?’ என்று வினவுகிறார். இரண்டாம் வினா முதலாவதினும் கூர்மையானது. அதனை மனத்திற்கொண்டே இத்திங்கள் எழுதுகிறோம்.

வெயில் கூரை வழியே வீட்டுக்குள் இறங்கும் விதத்தை முதலில் காண்போம். சித்திரை நண்பகலில் காற்றின் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் எனில், வெயிலில் காயும் தகட்டின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டிவிடும். தகடோ கால் அங்குலப் பருமனே உடையது. மேற்புறத்துச் சூடு விரைவில் அடிப்புறம் வந்து சேருகிறது. அங்கே காற்று சூடேறி, அக்காற்று கீழே இறங்கி நம்மை வாட்டுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சூடான காற்று இலேசானது. கூரையை ஒட்டியே அது நிற்கும். நம் தலைமேல் விழுவது பெரிதும் கதிர்வீச்சே. அடுப்புத் தணலுக்கு எதிரே முகத்தைக் காட்டினால், இடையிலுள்ள காற்றைப் பொருட்படுத்தாமல் கன்னத்தைச் சுடுகிறதன்றோ, அதே கதிர்வீச்சு. தகடு 60 டிகிரியிலும் தரையும் சுவரும் 35 டிகிரியிலும் உள்ள பத்தடிச் சதுர அறை ஒன்றைக் கணக்கிட்டுப் பார்த்தால், கூரையினின்று ஏறத்தாழ 1,500 வாட் வெப்பம் இடையறாது பொழிவதாக விடை வருகிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றரையைத் தலைக்கு மேல் எரியவிட்டுக் கீழே குடும்பம் நடத்துவதற்கு இது ஒப்பாகும். மின்விசிறி இக்கதிர்களைத் தடுப்பதில்லை. கூரையடியில் தேங்கிய சூட்டுக் காற்றையும் சேர்த்து இறக்கிவிடுவதே அதன் பணியாகிறது.

நம் பழைய வீடுகள் இத்துணைக் கொடுமை செய்ததில்லை. ஓலை அடுக்குகளுக்கிடையே அகப்பட்ட காற்றே கீற்றுக் குடிசையைத் தண்மையாக வைத்திருந்தது. மங்களூர் ஓட்டு வீடுகளில் வசதியுடையோர் ஓட்டுக்கும் அறைக்கும் இடையே மரப்பலகையால் மச்சு அடித்தனர். (ஜெர்மானியரான பிளெப்ஸ்ட் என்பார் பாசல் மிஷன் சார்பில் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னரே அவ்வோடு தென்னாட்டில் பரவியது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.) பின்னர் தகடு வந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதை நாம் மறக்கவியலாது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றுமாறு அரசு ஆணையிட்டது. கீற்று போனது நன்றே. ஆனால் கீற்றின் தண்மைக்கு ஈடாக ஒன்றையும் நாம் வைக்கவில்லை. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களுள் ஒன்றாக அறிவித்தது. அப்பேரிடர் பகல்தோறும் இறங்கும் வழி பல வீடுகளில் இத்தகடே.

தடுப்பு எது? அசையாத காற்று. தெர்மகோல், ராக்வூல் எனப்படும் பாறைக் கம்பளி, தேங்காய் நார்ப் பலகை ஆகிய யாவும் தம்முள் காற்றைச் சிறைப்படுத்தி வைத்திருக்கும் கூடுகளே. ஓர் அங்குலத் தெர்மகோல், வெப்பத்தைத் தடுப்பதில் மூன்றடிக்கும் மேற்பட்ட காங்கிரீட்டுக்கு நிகர் என்றால் வியப்பாயிருக்கும்; ஆயினும் கணக்கு அதுதான். மேற்சொன்ன அறையில் தகட்டின் கீழே சிறிது இடைவெளி விட்டு அவ்வோர் அங்குலத்தை வைத்தால், 1,500 வாட் ஏறத்தாழ 200 வாட்டாக இறங்கிவிடும். மாறாக, கடைகளில் அழகுக்காக மாட்டும் ஜிப்சம் பலகை தன்னளவில் வெப்பத்தை மிகுதியாகத் தடுப்பதன்று. அதன்மேல் உள்ள காற்றிடைவெளியே பாதி வேலையைச் செய்கிறது. உட்கூரை என்றாலே குளிர்ச்சி என்று நம்பிப் பணம் செலவிடுவோர் இதனை உணர வேண்டும்.

பளபளக்கும் அலுமினியத் தாளின் உதவியும் பெரிது. தன்மேல் விழும் வெப்பக் கதிரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கினை அது திருப்பிவிடும். ஆனால் அதற்கெதிரே ஓர் அங்குலமேனும் வெற்றிடம் இருத்தல் வேண்டும். தகட்டோடு ஒட்டிவிட்டால் அது வெறும் உலோகமே. சூட்டைத் தடுக்காது, கடத்தும். மேலும், மேல்நோக்கிய தாளில் ஆண்டுகள் செல்லச் செல்லத் தூசு படியும். படியப்படியத் திருப்பும் ஆற்றல் குறையும். ஆகவே பலகையைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்ட வேண்டும்.

பொறியியல் மாணவர்களும் சிறுதொழில் செய்வோரும் இத்தகைய பலகைகளை வடிவமைக்கும்போது பெரும்பாலும் பொருளிலிருந்து தொடங்குகின்றனர்: எந்த நார், எத்தனை அங்குலம், எவ்வளவு தடுப்பு என்று. நம் கருத்தில், தூக்குபவரின் கைகளிலிருந்து தொடங்க வேண்டும். முக்காலியின்மேல் நின்று, இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, கழுத்தை மடக்கிக்கொண்டு செய்யும் வேலை இது. தரையில் பத்துக் கிலோ அரிசிப் பையை எளிதாகச் சுமப்பவர், அந்நிலையில் மூன்று கிலோவை ஒரு நிமிடம் தாங்கினாலே தோள் நடுங்கும். ஆறடிக்கு நான்கடி ஜிப்சம் பலகை ஒன்று இருபது கிலோவை நெருங்கும். இருவர் இல்லாமல் அது ஏறாது. இரண்டடிச் சதுரம் என்ற அளவு சந்தையில் நிலைபெற்றது பொருத்தமே. ஒருவர் தம் கைகளை அகட்டிப் பிடிக்கக்கூடிய எல்லை ஏறத்தாழ அதுதான்.

எடை குறையக் குறைய நன்று என்று முடிவு கட்டவும் கூடாது. இரண்டடிச் சதுர, ஓர் அங்குலத் தெர்மகோல் துண்டின் எடை ஏறத்தாழ 140 கிராம். வெறுமனே சட்டத்தின்மேல் வைத்தால், ஆடிக் காற்று இறவாரத்து இடுக்கின் வழியே புகும்போதும் கதவை ஓங்கிச் சாத்தும்போதும் அது எழும்பித் தத்தளிக்கும். இரவில் படபடவென்று ஓசையிடும். அதனைப் பிடித்து வைக்கக் கவ்வி வேண்டும். கால்சியம் சிலிக்கேட் பலகையை நான்கு மில்லிமீட்டர் பருமனில் அடிமுகமாக்கி, இரண்டங்குலப் பாறைக் கம்பளியை அலுமினியத் தாளால் முற்றிலும் மூடி அதன்மேல் பதித்தால், ஒன்று இரண்டேகால் கிலோவுக்குள் அடங்கும். காற்றுக்கு அசையாது, கைக்கும் பாரமாகாது. பாறைக் கம்பளியின் இழைகள் தோலை அரிக்கச் செய்வன. ஆதலின் நான்கு ஓரங்களிலும் உறை பிரியாதிருத்தல் இன்றியமையாதது.

இனி மாட்டும் முறை. தலைகீழான ‘டி’ எழுத்தைப் போன்ற இரும்புச் சட்டங்களைக் கம்பியால் தொங்கவிட்டு, கட்டங்களில் பலகையை இறக்குவதே இன்றைய வழக்கம். பலகையைச் சாய்த்துக் கட்டத்தின் ஊடே மேலேற்றி, நிமிர்த்தி, கீழே இறக்க வேண்டும். சாய்த்து நிமிர்த்த மேலே நான்கங்குலமேனும் இடம் வேண்டும். மாடி வீட்டில் அது பொருட்டன்று. தகட்டு வீட்டிலோ சுவரோரம் கூரையே தலையை இடிக்கும் உயரத்தில் இருக்கும். நான்கங்குலம் பெரும் இழப்பு. இத்தகைய வீட்டுக்குப் பலகையைக் கீழிருந்தே நேராக மேலே அழுத்தி நிறுத்தும் முறை ஏற்றது. கூரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் அடியில் இரண்டடிக்கு ஒன்றாக மெல்லிய பட்டைகளைப் பொருத்திவிட்டு, பழைய ஜன்னல் கதவைத் திறவாமல் நிறுத்தும் சிறு திருகு கட்டையைப் போன்ற ஒன்றை அவற்றில் இடம்விட்டு இடம் வைத்துவிட வேண்டும். பலகையை ஒரு கையால் உயர்த்திப் பிடித்து, மறு கையால் கட்டையைக் கால் திருகு திருப்பினால் நின்றுவிடும். சரிந்த கூரையின் போக்கிலேயே பலகையும் சரிந்து செல்வதால் அறையின் உயரமும் குறையாது. குறுக்குச் சட்டத்தின் பருமனே காற்றிடைவெளியாகவும் அமைந்துவிடும்.

ஏற்றுவதைப் போலவே இறக்குவதும் எளிதாதல் வேண்டும். இதனை வடிவமைப்போர் அறவே மறந்துவிடுகின்றனர் என்பது நம் குறை. இன்று ஊரெங்கும் விற்கும் பி.வி.சி. பலகைகளைப் பாருங்கள். ஒன்றின் நாக்கு மற்றொன்றின் பள்ளத்தில் அமர்ந்து மளமளவென்று வேலை முடிந்துவிடும். ஐப்பசியில் நடுவே ஓரிடத்தில் ஒழுகினால், அந்த ஒன்றை மட்டும் கழற்ற வழியில்லை. சுவரோரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வர வேண்டும். எலி கூடு கட்டினாலும், மின்கம்பியில் பழுது நேர்ந்தாலும் இதே கதைதான். எந்தப் பலகையையும் அண்டைப் பலகை அசையாமல் தனியே எடுக்க முடியுமானால், கசிவைக் கண்ட அன்றே மேலே எட்டிப் பார்த்துவிடலாம். குடிபெயரும் நாளில் அடிமுகத்தில் எண் எழுதிக் கழற்றி, ஒரு தள்ளுவண்டியில் அடுக்கி எடுத்துச் செல்லலாம். புதிய அறையின் அளவு வேறாயினும் ஓரத்துண்டுகளே வீணாகும். அதற்காகத்தான் அறையின் நடுவிலிருந்து தொடங்கி, மிச்சத்தை இருபுறச் சுவரோரமும் சமமாகப் பங்கிட்டு வெட்ட வேண்டும் என்கிறோம். நம் வீடுகளில் நான்கு மூலையும் செங்கோணமாய் உள்ள அறை அரிதினும் அரிது. ஆதலால் ஓரத்துப் பலகை, வீட்டிலுள்ள சிறு ரம்பத்துக்கு வெட்டுப்படுவதாயும் இருத்தல் வேண்டும்.

மின்விசிறியின் தண்டு வரும் இடத்தில் பலகையை இரு பாதியாக்கி, ஒவ்வொன்றிலும் அரைவட்டம் வெட்டி இருபுறமும் அணைக்க வேண்டும். விசிறி கூரைச் சட்டத்திலேயே தொங்க வேண்டும். பலகையிலோ அதன் பட்டையிலோ ஒருபோதும் தொங்கலாகாது.

தீயைப் பற்றி ஒரு சொல். மலிவைக் கருதித் தெர்மகோலைத் திறந்தபடியே அடிப்போர் மிகப் பலர். 80 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும் பொருள் அது. கொதிக்கும் தகட்டோடு ஒட்டி வைத்தால் சில கோடைகளில் சுருங்கிப் போகும். தீப்பற்றினால் உருகிச் சொட்டும் துளிகள் எரிந்தபடியே விழும். கரும்புகை அறையை நிறைக்கும். தீ பரவாமல் தடுக்கும் மருந்து சேர்த்த வகை உண்டெனினும், சமையலறையில் எவ்வகையும் வேண்டாம் என்பதே நம் துணிபு. எளிதில் பொருத்தத்தக்க பலகையின் உள்ளே இருப்பது யாது என்று கேளாமல் விட்டதன் விலையை இலண்டன் மாநகரம் அறியும். அங்கே கிரென்ஃபெல் என்னும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில், உள்ளே பாலிஎத்திலீன் வைத்த அலுமினியப் பலகைகளையும் அவற்றின் பின்னே எரியக்கூடிய நுரைத் தடுப்பையும் பொருத்தியிருந்தனர். 2017 ஜூன் 14 அன்று ஒரு வீட்டின் சமையலறையில் மூண்ட தீ அப்பலகைகளின் வழியே ஏறிப் பரவி, 72 உயிர்களைக் கொண்டது.

ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் வாழ்வோர் மற்றொன்றையும் கருத வேண்டும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் விளைப்பதென்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறியுள்ளது. முழுதாய் இருக்கும் தகட்டைவிட, துளையிடும்போதும் அறுக்கும்போதும் எழும் தூசே பெருங்கேடு. எனவே உட்கூரையைத் தொங்கவிடத் தகட்டில் ஓர் ஆணித்துளையும் இடலாகாது. தகட்டைத் தாங்கும் சட்டத்தையே கம்பியால் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். துளையே தேவைப்படாத பிடிப்பைக் கண்டுபிடிப்பவர் இவ்வீடுகளுக்குப் பேருதவி செய்தவராவார்.

பலகைக்கும் தகட்டுக்கும் இடையே தேங்கும் சூட்டுக் காற்று வெளியேற, இறவாரத்திலும் முகட்டிலும் திறப்பு வேண்டும். அணிலும் எலியும் புகாதபடி அவற்றுக்குக் கம்பி வலை இடுக. இரவில் நிலைமை மாறுகிறது. பொழுது சாய்ந்தபின் தகடு விரைந்து குளிரும். ஆனால் அக்குளிர்ச்சி அறைக்குள் இறங்காமல் இப்போது பலகை தடுத்துவிடும். ஆதலின் உட்கூரை அமைத்தோர் மாலைக்குப்பின் ஜன்னல்களைக் கட்டாயம் திறந்து வைக்க வேண்டும். திறக்கவியலாத வீட்டில் பகலில் பெற்ற நன்மையில் ஒரு பகுதி இரவில் கழிந்துவிடும்.

மேற்புறத்தில் சுண்ணாம்பு அடிப்பதும் செலவு குறைந்த துணையே. வெண்மை, வெயிலில் பெரும் பகுதியை வந்த வழியே அனுப்பிவிடும். ஆனால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் போக்க முயல வேண்டாம். அதுவும் தூசையே கிளப்பும். தகட்டின்மேல் நேரே கால் வைக்கவும் வேண்டாம்; எச்சரிக்கை ஏதுமின்றி அது உடையும். சுவரோரம் ஏணியை நிறுத்தி, நீண்ட கழியில் கட்டிய தூரிகையால் எட்டிய மட்டும் பூசுக; எட்டாத முகட்டுப் பகுதியை அப்படியே விட்டுவிடலாம்.