தோண்டாத சாலையும் உள்வாங்கும்



சாலையைத் தோண்டாமல் பக்கவாட்டில் துளையிட்டுக் குழாய் பதிப்பதைப் பாராட்டிய உங்கள் கட்டுரையை ஏற்கிறேன். ஆனால் பெரம்பலூர், அரியலூரின் கரிசல் மண் ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிப்பது. அத்தகைய மண்ணில், துளைக்குள் செலுத்தும் பென்டோனைட் களிமண் சேற்றின் அழுத்தம் மிகுந்தால் தார்ச்சாலை மேலெழும்பும். குழாயின் விட்டத்தைப்போல் சுமார் 1.5 மடங்கு அகலமாகத் துளையிடுவது வழக்கம். சுற்றியுள்ள இடைவெளி நிரம்பாவிட்டால் சாலை பின்னர் உள்வாங்கும்.

எங்கள் தெருவில் பணி முடிந்தபோது குறையே தெரியவில்லை. ஐப்பசி மழைக்குப் பின் குழாய் போன வழியே பள்ளம் விழுந்தது. சிமென்ட் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலையில் இப்படி நேர்ந்தால் இருசக்கர வாகனத்தில் செல்வோர் கதி என்ன?

துளையிடும் முன்னும் பின்னும் சாலை மட்டத்தை அளந்து பதிய வேண்டும். இடைவெளியைச் சிமென்ட் கலவையால் நிரப்ப வேண்டும். ஒரு மழைக்காலம் கழிந்து ஆய்வு செய்த பிறகே ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகையை விடுவிக்க வேண்டுகிறேன்.

- வாசகர், பெரம்பலூர்