கடல்கட்டிக்கு என்ன கூலி?

இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய நாவலின் பெயர் ‘விட்டு விடு கருப்பா’. 1990களில் ‘மர்மதேசம்’ வரிசையில் நாகாவின் இயக்கத்தில் சன் டிவியில் தொடராக வந்தபோது அதன் பெயர் ‘விடாது கருப்பு’. திரைக்கதை எழுதுகிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதிவைத்துப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கலாம். முதல் பெயரில் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார், சாமியிடம் கெஞ்சுகிறார். இரண்டாவதில் கெஞ்சுகிறவரைக் காணோம். திண்ணையில் உட்கார்ந்து ஊர் பேசுகிறது: ‘அது விடாதுப்பா.’

பெயரை மாற்றியதற்கு அவர்களுக்கு என்ன காரணமோ. ஆனால் நாவல் தொடராக மாறும்போது நடக்கவேண்டிய வேலை முழுவதும் அந்த ஒரு வினைச்சொல் மாறியதில் இருக்கிறது. நாவலைத் தனியாகப் படிக்கிறோம். பயப்படுகிறவனின் மனசுக்குள் எழுத்தாளர் நம்மைக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிடுவார். காமிரா எவன் மனசுக்குள்ளும் போகாது, முகத்தோடு நின்றுவிடும். அதனால் மனசில் இருந்த பயத்தை வெளியே எடுத்து ஊர்ச்சட்டமாக மாற்ற வேண்டியிருக்கிறது. கருப்பு யாரைத் தண்டிக்கும், எதற்காக, எந்த வேளையில், யாரை விட்டுவிடும் என்பதெல்லாம் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பார்க்கிற நமக்கும் நாலாவது வாரத்தில் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு கருப்பு ஏறிவரும் வெள்ளைக் குதிரையின் குளம்படிச் சத்தமே போதுமானதாக இருந்தது.

2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தபோது நான் படித்த அஞ்சலிக் குறிப்புகளில் பாதிக்குமேல் அந்தக் குதிரையைப் பற்றியவைதான். சாமியைக் காட்டிய காட்சி என்று யாரும் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் குழு எட்டு எபிசோட் தொடருக்கான சுருக்கத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியது. இன்னும் அச்சேறாத ஒரு நாவலைத் தழுவியது. களம் முத்துக்குளித்துறை. முதல் எபிசோடின் முதல் காட்சியிலேயே, வெள்ளை விழிகளோடு செத்துப்போன ஒரு குளியாளி கடலடியிலிருந்து எழுந்து வருகிறான். கேட்டால், ‘முதல் அஞ்சு நிமிஷத்துல பேய் வரணும்னு ஓடிடி தளத்துல சொல்லிட்டாங்க சார்’ என்றார்கள். எந்தத் தளம் என்று இங்கே தேவையில்லை, எல்லாத் தளங்களிலும் இதைத்தான் சொல்கிறார்கள். நாவலில் அந்தக் குளியாளி கடைசிவரை யார் கண்ணிலும் படுவதில்லை. அவன் பெயரைச் சொல்லத் தயங்குகிறார்கள், அவ்வளவுதான்.

அவர்களோடு நானும் தூத்துக்குடிக்குப் போனேன். முன்பு சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களுக்காகச் சாயங்காலம் கடற்கரைக்கு வந்தார். அவருடைய அப்பா, 1955இல் தொடங்கி 1961இல் முடிந்த கடைசி முத்துக்குளிப்புகளில் தோணியில் கயிறு பிடித்தவர். தெற்கே துறைமுகத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. குழுவிலிருந்த பையன் வழக்கமான கேள்வியைக் கேட்டான்: ‘கடலுக்கு அடியில பயமா இருக்காதாய்யா?’

பெரியவர் சிரித்தார். ‘கீழ போறவனுக்கு வேல கெடக்கு தம்பி. ஒரு மூச்சுக்குள்ள சிப்பிய அள்ளிக் கூடையில போடணும். அவனுக்குப் பயப்பட ஏது நேரம்? மேல கயித்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கான்லா, அவனுக்குத்தான் பயம்.’

சொல்லிக்கொண்டே இடதுகை ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் மடக்கிக் காட்டினார். அப்பா கயிறு பிடிக்கும்போது கயிறு அந்த விரல்மேல்தான் கிடக்குமாம். இழுப்பு வரும்வரை பார்வை வேறெங்கும் போகாதாம். ஒரு மூச்சு என்றால் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. அந்த நேரத்தில் கடலுக்கு மேலே எதுவுமே நடப்பதில்லை. ஒரு மனிதன், ஒரு விரல், ஒரு கயிறு. கயிறு பிடிப்பவன் குளிக்கிறவனின் மைத்துனனாக இருப்பான் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கச்சி தாலி அவன் விரலில் தொங்குகிறது. வெள்ளை விழிப் பேயைச் செய்துகொடுக்க ஸ்டுடியோ கேட்ட தொகைக்கு இந்த விரலை எட்டு எபிசோடும் எடுக்கலாம் என்று குழுவிடம் சொன்னேன். பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன்.

கடல்கட்டி பற்றியும் பெரியவர் தம் அப்பா வாயால் கேட்டிருக்கிறார். சுறாவின் வாயைக் கட்டுகிறவர். முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் அவர் வந்து மந்திரம் சொல்லாமல் குளியாளிகள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். ‘மூடநம்பிக்கை’ என்று தாண்டிப்போனால் நம் தொழிலுக்கு இதில் ஒன்றும் இல்லை. கணக்குப் புத்தகமாகப் படித்தால் நிறைய இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, குளித்து எடுப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு பெரிய மீன்களைக் கட்டுகிற பிராமணர்களுக்கு என்கிறார். அடுத்து வருவதுதான் திரைக்கதை: கட்டு அந்த ஒரு பகலுக்குத்தான். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். அப்போதுதான் ராத்திரியில் எவனும் திருட்டுத்தனமாகக் குளிக்க மாட்டான். மந்திரம், பங்கு, நேரம், காவல் எல்லாம் ஒரே ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டன. சுறா அங்கே சம்பளம் வாங்காத வாட்ச்மேன்!

ஐந்நூறு வருடம் கழித்தும் அந்தப் பணி இருந்தது. எதிர்க்கரையில், மன்னார்ப் பக்கத்து முத்துக்குளிப்பில், பிரிட்டிஷ் அரசே கடல்கட்டியை வைத்திருந்தது. 1803இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் எழுதிய ராபர்ட் பெர்சிவல், குளிப்பு முடியும்வரை அன்ன ஆகாரமில்லாமல் கரையில் நின்று மந்திரம் சொல்லவேண்டிய இவர்கள் நடுநடுவே கள்ளுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்துக்கொண்டதைக் கேலியோடு குறித்திருக்கிறார். கேலி அவருடையது. நமக்கு அது பாத்திரம். 1859இல் எழுதிய எமர்சன் டென்னென்ட் இன்னொன்றைச் சேர்க்கிறார்: இது பரம்பரைத் தொழில், அவர் காலத்தில் அந்தக் குடும்பத்தின் தலைவர் ரோமன் கத்தோலிக்கர். டென்னென்ட்டுக்கு அது விசித்திரம். தூத்துக்குடிக்காரருக்கு அதில் விசித்திரம் ஏதுமில்லை. 1530களில் இந்தக் கரையின் பரதவர் கிறிஸ்தவர்களானார்கள். 1713இல் கட்டிய பனிமய மாதா கோயிலில் ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு இன்றும் ஊரே திரள்கிறது. மதம் மாறியவர்கள் கடலை மாற்றிக்கொள்ள முடியவில்லை.

நமக்கு வந்த சுருக்கத்தில் இந்தப் பாத்திரம் மண்டையோட்டு மாலை போட்ட மந்திரவாதியாக இருந்தார். ‘ஜெபமாலை வைத்திருப்பவராக எழுதிப் பாருங்கள்’ என்றேன். காட்சி தானாக மாறியது. பங்குத்தந்தைக்கு அவரைப் பிடிக்காது, ஆனால் குளிப்பு நாளில் அவரும் வாயைத் திறக்கமாட்டார். கலெக்டர் ஆபீசில் இதற்கென்று ஒரு செலவுத் தலைப்பு இருக்கும், அதை எழுதவேண்டிய குமாஸ்தா கூச்சப்படுவார். இவர் மந்திரம் பலிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இன்று வந்தாரா, முறையாகச் சொன்னாரா, அவர் பங்கு போய்ச் சேர்ந்ததா என்றுதான் கேட்கிறார்கள். ஒரு நாள் பங்கு சரியாகப் போகவில்லை. அன்றைக்கு ஒருவன் மேலே வரவில்லை. ஒரு சீசனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

பழைய குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று உண்டு. தோணியோடு போகாமல் கரையில் தங்குகிற கடல்கட்டி, ஓர் அறையில் பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து வெள்ளியால் செய்த இரண்டு மீன்களை அதில் விடுவார். ஒன்று ஆண், ஒன்று பெண். கடலில் எங்கோ ஒரு குளியாளியைச் சுறா கடித்தால், இங்கே ஒரு மீன் மற்றதைக் கடிக்குமாம். அறைக்குள் அவரைத் தவிர யாரும் இல்லை. கடித்ததா இல்லையா என்று அவர் சொன்னால்தான் உண்டு.

அமானுஷ்ய நாவலைத் திரைக்குக் கொண்டுவரும்போது வருகிற சிக்கல் முழுவதும் அந்தப் பாத்திரத்துக்குள் கிடக்கிறது. நாவல் ‘மீன் அசைந்தது போலிருந்தது’ என்று எழுதித் தப்பித்துக்கொள்ளும். ‘போல’ என்ற இடைச்சொல்லுக்கு லென்ஸ் கிடையாது. மீனைக் காட்டினால் அசைந்தது அல்லது அசையவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதனால் மீனைக் காட்டாமல், பார்க்கிறவரின் முகத்தைக் காட்டுகிறோம். அதுவும் பத்துத் தடவைக்குமேல் எடுபடாது, பார்ப்பவர்கள் தந்திரத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘விடாது கருப்பு’ வேறு வழியைப் பிடித்தது. நடந்தவற்றுக்கு மனித மனத்திலிருந்தே ஒரு விளக்கத்தைக் கொடுத்துவிட்டுக் கருப்புக்கும் கதவைச் சாத்தாமல் விட்டது. நம்பாதவர் ஒரு பதிலோடும் நம்புகிறவர் ஒரு பதிலோடும் எழுந்துபோக முடிந்தது. இரண்டும் ஒரே காட்சிகளுக்குள் இருந்தன. அப்படி எழுத, ஒவ்வொரு சம்பவத்தையும் இரண்டு தடவை கட்டவேண்டும். ஒரு தடவை சாமிக்கு, ஒரு தடவை போலீசுக்கு. ரைட்டர்ஸ் ரூமில் இதற்கு ஒதுக்குகிற நாட்களைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

அந்தத் தொடருக்கு இன்னொரு உதவி இருந்தது, இப்போது நமக்கு இல்லாதது. வாரம் ஒரு முறை வந்தது. இடையில் இருந்த ஆறு நாளும் சந்தேகத்தை ஊறவைக்கும் வேலையை ஜனங்களே செய்தார்கள். ஓடிடியில் மொத்தத்தையும் ஒரே ராத்திரியில் பார்த்து முடிக்கிறார்கள். பார்ப்பவருக்குச் சந்தேகப்பட நேரம் கொடுக்கவில்லை என்றால் பாத்திரங்களில் யாராவது அவருக்காகச் சந்தேகப்பட வேண்டும். கயிறு பிடித்து நிற்கிற மைத்துனன் அதற்குத் தோதான ஆள்.

பக்கத்தில் நடந்த முயற்சிகளையும் பார்க்கலாம். 2023இல் பிரைம் வீடியோவில் வந்த ‘தி வில்லேஜ்’ ஆறு எபிசோட், மிலிந்த் ராவ் இயக்கியது, ஒரு கிராஃபிக் நாவலின் தழுவல். அங்கே சிக்கல் தலைகீழ். படங்கள் ஏற்கெனவே தாளில் இருந்தன. தொடரும் காட்டுவதிலேயே நின்றுவிட்டது, கோரம் கூடக்கூட எனக்குப் பயம் குறைந்தது. 2025இல் வந்த ‘சுழல்’ இரண்டாம் சீசனுக்கு மூலநாவல் இல்லை. அதன் காளிபட்டணமும் அஷ்டகாளித் திருவிழாவும் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினம் தசராவை நினைவுபடுத்துகிறவை. குலசைக்குப் போனவர்களுக்குத் தெரியும், காளி வேடம் போடுகிறவர் வாரக்கணக்கில் விரதம் இருந்து, காப்புக் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, கோயிலில் சேர்த்துவிட்டுத்தான் வேடம் கலைக்கிறார். நிறம் எல்லாருடைய காமிராவிலும் வந்துவிடுகிறது. விரதம் வருவதில்லை. வேடம் போட்ட ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பத்து ரூபாய்த் தாள்களை அடுக்கிக் கணக்குப் போடுவதை ஒரு தடவை பார்த்தேன். எட்டுக் கையும் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது. பக்கத்தில் உட்கார யாருக்கும் தைரியம் வரவில்லை.

பேச்சுமொழி பற்றி நீட்டப்போவதில்லை. ‘ஏலே’ போட்டுவிட்டால் தூத்துக்குடி ஆகிவிடாது என்று இந்தப் பக்கங்களில் பல தடவை எழுதியாயிற்று. ஜோ டி குருஸின் ‘கொற்கை’ 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதை எடுத்துவைத்து ஒரு நாள் சத்தமாகப் படியுங்கள்.

களத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இப்போது தண்ணீருக்கடியில் இருக்கின்றன. தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லி அதில் ஒன்று. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வருடக்கணக்கில் வெட்டியெடுத்தார்கள், அலையைத் தடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. முத்துச்சிப்பிப் பார்களும் அப்படித்தான். ஒரு வருடம் சிப்பி மண்டிக் கிடக்கும் பார், மறுவருடம் போய்ப் பார்த்தால் வெறும் மணல். 1961க்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவேயில்லை. குளிப்பு நின்ற அன்றைக்குக் கடல்கட்டி வீட்டில் என்ன நடந்திருக்கும்? கட்டை அவிழ்த்தாரா, அவிழ்க்காமலே விட்டாரா?

இந்தக் கேள்வியைக் குழுவிடம் விட்டுவிட்டு ரயிலேறினேன். போன வாரம் இரண்டாம் வரைவு வந்தது. வெள்ளை விழிப் பேயைக் காணோம். முதல் காட்சி, கதவடைத்த ஓர் அறை. பித்தளைப் பாத்திரம். மூலையில் பங்காக வந்த சிப்பிகள் திறக்காமல் கிடந்து நாறுகின்றன. வெளியிலிருந்து மனைவி, ‘ஒரு வாய் சாப்பிட்டாத்தான் என்ன?’ என்கிறாள். அவர் பதில் சொல்லவில்லை, பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தளத்துக்காரர்கள் ஐந்து நிமிடம் எங்கே என்று கேட்டிருக்கிறார்களாம். வெள்ளி மீன் செய்ய ஆசாரியிடம் சொல்லியாயிற்று. மூன்றாம் எபிசோட் இன்னும் சரியாக வரவில்லை.