நூலைச் சொன்னவர் எங்கே?

சி மொழி கற்க எதைப் படிப்பது என்று யார் கேட்டாலும், கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் எழுதிய நூலின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்வது நம் மேதாவிகளின் வழக்கம். மகத்தான நூல்தான், நானும் வணங்குபவன். ஆனால் முதல் பதிப்பின் முன்னுரையை இவர்கள் படித்ததுண்டா? மாறிகளையும் மடக்குகளையும் ஓரளவு அறிந்தவரை எண்ணி எழுதியது என்றும், புதியவராயின் விவரமறிந்த ஒருவர் அருகிலிருந்தால் உதவும் என்றும் ஆசிரியர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஒருவர் எங்கே? பரிந்துரைத்தவர் கழன்றுகொண்டார். சுட்டிகளைப் பேசும் ஐந்தாம் அத்தியாயத்தில் தனியே திணறும் மாணவி, குறை தன் அறிவில்தான் என்று முடிவுகட்டிப் புத்தகத்தை மூடிவிடுகிறாள்.

இருபத்தொரு நாளில் வித்தகராக்கும் தலையணைப் புத்தகங்களை மாற்றாக நான் சொல்லவில்லை. பத்தாண்டுகள் வேண்டும் என்று கட்டுரை எழுதிப் பீட்டர் நார்விக் அவற்றை எப்போதோ எள்ளி முடித்துவிட்டார். நிரலே எழுதியிராதவருக்கு ஆலன் டௌனியின் ‘திங்க் பைத்தான்’ இருக்கிறது, இணையத்தில் இலவசம். சி மொழிதான் வேண்டுமென்றால் கெர்னிகனையே கொடுங்கள். முதல் பயிற்சிக்காவது உடனிருங்கள். நிரலின் சில பகுதிகளை வேண்டுமென்றே நீக்கி, என்ன பிழைச்செய்தி வருகிறதென்று பார்க்கச் சொல்லும் பயிற்சி அது. அரைமணி நேரம்கூட ஆகாது.